ஆறும்போது யார் யாரை இழுத்தது? இணைவு உலைப் பற்றவைப்புகளில் எச்சத் தகைவுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

விரிசலைக் கண்டதும் கை கிரைண்டரைத் தேடும். எடுக்க வேண்டாம். அரைத்துவிட்டால் விரிசல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது என்ற இரண்டு சாட்சிகளும் போய்விடும். அரைத்த சூடு மேற்பரப்பில் புதிதாக ஒரு தகைவையும் ஏற்றிவிடும். முதலில் படம் எடுங்கள். பிறகு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எங்கே வந்தது: பீடின் (பற்றவைத்து உறைந்த உலோகக் கோட்டின்) நடுவிலா, ஓரத்திலா, ஓரத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் தள்ளியா? எந்தத் திசை: பீடோடு சேர்ந்து ஓடுகிறதா, குறுக்கே வெட்டுகிறதா? எப்போது தெரிந்தது: ஆறும்போதே, மறுநாள் காலையில், அல்லது பல மாதம் கிடங்கில் கிடந்த பிறகா? கீழே வரும் அறிகுறிகளைப் பிரித்தறிய இந்த மூன்று வரிகள்தான் உதவும்.

எச்சத் தகைவு என்பது என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. பக்கத்துத் தகடு குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் விட்டுக்கொடுக்காது. வெளியிலிருந்து எந்தப் பாரமும் இல்லாமல், உள்ளேயே ஒரு வடம் இழுப்பு நடந்து, யாரும் ஜெயிக்காமல் அப்படியே உறைந்துபோகிறது. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீள்மைக் குணகம், அதாவது இழுத்தால் எவ்வளவு விறைத்து நிற்கும் என்ற அளவு, சுமார் 190 கிகா பாஸ்கல். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 16 பங்கு விரியும். சுருங்க விடாமல் பிடித்துக்கொண்டு 100 டிகிரி ஆறவிட்டால் போதும், ஏறத்தாழ 300 மெகா பாஸ்கல் ஏறிவிடும். அந்த எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஈல்டு வலிமையே அவ்வளவுதான் இருக்கும். பற்றவைப்போ 1400 டிகிரிக்கு மேலிருந்து ஆறுகிறது. ஆகவே எந்தப் பற்றவைப்பிலும் தகைவு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அதன் உச்சம் எங்கே, அது எந்தத் திசையில் இழுக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டு உள்ளே நுழைந்தது எது என்றுதான் கேட்க வேண்டும்.

கிளாம்பை அவிழ்த்ததும் துண்டு விலகுகிறது, விளிம்புகள் பொருந்தவில்லை

முதல் கோணல் முற்றும் கோணல் என்பதை இந்தத் தொழிலில் சொல்லுக்குச் சொல் பார்க்கலாம். அணுக்களை இணைத்து ஆற்றல் எடுப்பதற்காகப் பிரான்சின் கடராஷில் கட்டப்படும் ஈட்டர் இணைவு உலையின் வெற்றிடக் கலம் ஒன்பது துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் சுமார் 440 டன். 60 மில்லிமீட்டர் தடிமனில் இரட்டைச் சுவர். ஐந்து ஐரோப்பாவின் பொறுப்பு, நான்கு தென் கொரியாவின் பொறுப்பு. வந்து சேர்ந்த துண்டுகளின் விளிம்புகள் வரைபடத்தில் உள்ள வடிவத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று 2022 நவம்பரில் ஈட்டர் அறிவித்தது. பற்றவைப்பில் வந்த வளைவுதான் காரணம். அந்த விளிம்புகளுக்கு நடுவே ஓடவேண்டிய தானியங்கிப் பற்றவைப்புக் கருவிக்குச் சீரான இடைவெளி வேண்டும், அது இல்லை. 2022 மே மாதம் குழிக்குள் இறக்கிய முதல் தொகுதியை 2023-இல் திரும்ப வெளியே தூக்கினார்கள்.

இந்த அறிகுறி வந்தால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கட்டத்தில் நகர்ந்தது என்பது. டேக் (துண்டுகளை நிறுத்திப் பிடிக்கும் சிறு பற்று) போட்டபின், ரூட் பாஸ் (அடியில் போடும் முதல் சுற்று) முடிந்தபின், பாதித் தடிமனில், முழுவதும் முடிந்தபின், கிளாம்பை அவிழ்த்தபின் என்று ஐந்து அளவீடுகள் கையில் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசி அளவு மட்டும் இருந்தால் ஊகம்தான் மிஞ்சும். வேலை நடக்கும்போது அளக்காமல் விட்டதுதான் இதில் பெரும்பாலும் உண்மையான பிழை என்பது என் கருத்து.

ரூட் பாஸோடு பெரும்பகுதி வளைந்துவிட்டது என்றால் துண்டைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் இளகியிருக்கிறது. பாஸ் ஏற ஏற ஒரே பக்கமாக வளைந்தது என்றால் வரிசை தப்பு. இரு பக்கமும் மாறி மாறி நிரப்ப வேண்டியதை ஒரே பக்கம் நிரப்பியிருக்கிறார்கள். கிளாம்பை அவிழ்க்கும்வரை அசையாமல் இருந்து பிறகு துள்ளியது என்றால், அதுவரை அந்தத் தகைவை ஃபிக்ஸ்சர் சுமந்துகொண்டிருந்தது என்று பொருள்.

இங்கே எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி ஒன்று உண்டு. வளையக் கூடாது என்று மேலும் இறுக்கிப் பிடித்தால் வளைவு குறையும், தகைவு கூடும். தளர விட்டால் தகைவு குறையும், வளைவு கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால் ஊற்றும் உலோகத்தையும் ஏற்றும் வெப்பத்தையும் குறைப்பதுதான் வழி. குறுகிய பள்ளத்தில் டிக் (டங்ஸ்டன் முனையில் மின்வில் எரியும்) வெல்டிங், எலக்ட்ரான் கற்றை, லேசர் ஆகியவற்றை இணைவு உலைக்காரர்கள் விரும்புவது இதனால்தான். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வளர்த்தெடுத்த ஏ-டிக் முறையும் இதே காரியத்தைச் செய்கிறது. பற்றவைக்கும் முன் ஒரு ஃபிளக்ஸ் பூச்சைத் தடவினால் மின்வில் ஆழமாக ஊடுருவும். பல பாஸில் நிரப்ப வேண்டிய தடிமன் ஓரிரு பாஸில் முடியும், சுருங்கும் உலோகமும் குறையும்.

விலகிவிட்ட விளிம்பைச் சரிசெய்ய, உலோகம் ஏற்றி மறுபடி மெஷின் செய்வார்கள். ஏற்றும் ஒவ்வொரு அடுக்கும் புதிதாகச் சுருங்கும், அதனால் ஒவ்வோர் அடுக்குக்குப் பின்னும் அளக்க வேண்டும். டார்ச் வைத்துச் சுட்டு நிமிர்த்தும் பழைய பழக்கத்தை 9 குரோமியம் எஃகிலும் (9 சதவீதம் குரோமியம் கலந்தது) தாமிரக் கலவையிலும் செய்துவிடாதீர்கள். வடிவம் சரியாகும், சூடாக்கி ஆற்றிக் கொடுத்த பதம் போய்விடும்.

டெஸ்ட் எல்லாம் பாஸ், மறுநாள் காலையில் பீட் ஓரத்தில் விரிசல்

இது 9 குரோமியம் எஃகின் நோய். உலையின் நடுவில் எரியும் பிளாஸ்மாவைச் (மிகச் சூடான வாயுவைச்) சுற்றியிருக்கும் போர்வைப் பகுதிக்கென்றே, நியூட்ரான் பட்டபின் கதிரியக்கம் நீண்டகாலம் நிலைக்காதபடி, மாலிப்டினத்துக்கும் நையோபியத்துக்கும் பதில் டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்த்து இவ்வகை எஃகுகளைச் செய்கிறார்கள். ஐரோப்பாவில் யூரோஃபர்97, ஜப்பானில் எஃப்82எச். இந்தியாவின் வகையில் 9 சதவீதம் குரோமியம், 1.4 டங்ஸ்டன், 0.06 டாண்டலம். திருச்சியில் பாய்லருக்கு பி91 குழாய் பற்றவைத்துப் பழகியவர்களுக்கு இதன் குணம் அத்தனையும் ஏற்கெனவே தெரிந்ததுதான், இரண்டும் அண்ணன் தம்பி.

இந்த எஃகு ஆறும்போது ஏறத்தாழ 400 டிகிரியில் மார்ட்டன்சைட் என்ற கடினமான படிக அமைப்பாக மாறத் தொடங்கும். மாறும்போது கொஞ்சம் பருமன் கூடும். அதுவரை சுருங்கிக்கொண்டிருந்தது விரியத் தொடங்குவதால், பீடின் நடுவில் இழுவிசை தணிந்துவிடும், சில இடத்தில் அமுக்கமாகவே மாறிவிடும். இழுவிசையின் உச்சம், மார்ட்டன்சைட்டாக மாறாத எஃகின் எல்லைக்கு, அதாவது வெப்பம் பாதித்த பகுதியின் வெளி ஓரத்துக்குத் தள்ளப்படும். அதனால்தான் இவ்வகை எஃகில் பீடின் நடுவை மட்டும் அளந்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. பல பாஸ் போட்ட தடித்த இணைப்பில் கடைசி பாஸ் அமைதியாக இருக்கும், அதற்கு அடியில் இருக்கும் முந்தைய பாஸ்கள் முறுக்கேறி நிற்கும். மேலே துளை போட்டு அளந்தவர் நன்றாக இருக்கிறது என்பார்.

பதம் செய்யாத மார்ட்டன்சைட்டின் கடினத்தன்மை விக்கர்ஸ் என்ற அளவில் 400-ஐத் தாண்டும். அதில் ஹைட்ரஜன் கொஞ்சம் சிக்கிக்கொண்டால் பல மணி நேரம் மெல்ல நகர்ந்து, தகைவு உச்சமாக உள்ள இடத்தில் சேர்ந்து, விரிசலைத் திறக்கும். மறுநாள் காலையில் தெரிவது இதனால்தான்.

சோதிக்கும் வரிசை இது. எலக்ட்ரோடும் ஃபில்லரும் (நிரப்பும் உலோகமும்) ஈரமில்லாமல் இருந்தனவா? 200 முதல் 250 டிகிரி வரை முன்சூடு உண்மையில் இணைப்பில் இருந்ததா, அல்லது டார்ச்சுக்குக் கீழே மட்டும் இருந்ததா? பற்றவைத்து முடித்ததற்கும் வெப்பப் பதத்துக்கும் இடையில் துண்டு எத்தனை மணி நேரம் சும்மா கிடந்தது? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

அதற்குப் பயந்து இன்னொரு தவறைச் செய்கிறவர்களும் உண்டு. முன்சூட்டிலிருந்து ஆறவே விடாமல் நேரே வெப்பப் பதத்துக்கு ஏற்றிவிடுவார்கள். மாற்றம் முடியாமல் மிஞ்சியிருக்கும் ஆஸ்டெனைட் (சூட்டில் இருந்த பழைய படிக அமைப்பு), பதம் முடிந்து ஆறும்போது புது மார்ட்டன்சைட்டாகும். பதமே பார்க்காத பகுதி உள்ளே ஒளிந்துகொள்ளும். 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, உடனே தாமதமில்லாமல் 740, 750 டிகிரியில் பதம் செய்வதுதான் முறை. முடிந்தபின் கடினத்தன்மை 220 முதல் 260 விக்கர்ஸுக்குள் இறங்கியிருந்தால் பதம் நடந்திருக்கிறது, தகைவும் பெரும்பகுதி தளர்ந்திருக்கிறது. இறங்கவில்லை என்றால் ஃபர்னஸின் வரைபடத் தாளை நம்பாதீர்கள். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் துண்டின் மேல் ஒட்டியிருந்ததா, காற்றில் தொங்கியதா என்று போய்ப் பாருங்கள். கம்பிச் சுருளைச் சுற்றி அந்த இடத்துக்கு மட்டும் பதம் கொடுத்திருந்தால், சூடேறிய பட்டை குறுகலாக இருந்து, அதன் இரு ஓரத்திலும் புதுத் தகைவு பிறந்திருக்கலாம்.

பல ஆயிரம் மணி நேரம் உயர் வெப்பத்தில் இருந்தபின் பீடுக்கு இணையாக, பாதிப்புப் பகுதியின் வெளி ஓரத்தில் விரிசல் வந்தால் அது வேறு கதை. அங்கே உலோகமே மென்மையாகிவிட்டது, சூட்டில் மெல்ல நீளும் தவழ்வில் கிழிகிறது. தகைவைத் தளர்த்தினாலும் அது நிற்காது. இணைப்பின் இடத்தையே மாற்ற வேண்டும்.

ஓடவே இல்லாத குழாயில் ஊசிமுனைக் கசிவு

எனக்கு மிகவும் வருத்தம் தந்த கோளாறு இது. இத்தனைக்கும் செய்த வேலையில் மேலோட்டமாக ஒரு குறையும் தெரியாது. ஈட்டரில் 4 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரியில்) இருக்கும் காந்தங்களுக்கும் சூடான கலத்துக்கும் நடுவில் வெப்பக் கவசத் தகடுகள் உண்டு. வெப்பத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளி முலாம். தகட்டின் மேல் பற்றவைத்த குழாய்களில் சுமார் 80 கெல்வினில் ஹீலியம் ஓட வேண்டும். 2021 கடைசியில் ஹீலியம் கசிவுச் சோதனையில் ஒரு தகடு தோற்றது. அறுத்துப் பார்த்தால் 2.2 மில்லிமீட்டர் ஆழம்வரை விரிசல்கள். அந்தக் குழாய் ஒரு நாள்கூட உலையில் வேலை செய்திருக்கவில்லை. குழாயை வளைத்ததும் தகட்டோடு பற்றவைத்ததும் தகைவை விட்டுச்சென்றன. பற்றவைப்பை ஒட்டிய சிறு இடுக்குகளில் தங்கிய குளோரின் எச்சம் மெல்ல மெல்ல அரித்தது. அந்த அரிப்பையும் தகைவையும் தனித்தனியே எடுத்தால் இரண்டுமே தாங்கக்கூடியவைதான். சேர்ந்ததும் தகைவு அரிப்பு விரிசல் வந்துவிட்டது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் குழாயை மாற்ற வேண்டியதாயிற்று.

அடையாளம் காண்பது எளிது. குறுக்கே வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். வேர்போல, மின்னல்போலக் கிளை விட்டுப் பிரிந்திருந்தால் இதுதான். ஒற்றைக் கோடாக நேரே போனால் இது இல்லை, சோர்வு விரிசலாக இருக்கலாம். தொடக்கம் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கட்டாயம் பாருங்கள். இடுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஐயமே வேண்டாம்.

தீர்வுக்கு மூன்று கயிறுகளில் ஒன்றை அறுத்தால் போதும்: தகைவு, குளோரைடு, அந்த வகை எஃகு. நடைமுறையில் எளிதானது இடுக்கை ஒழிப்பது. விட்டு விட்டுப் போட்ட பற்றவைப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும், முலாம் தொட்டியின் திரவமோ கழுவிய அமிலமோ உள்ளே போய் உட்காரும். கழுவக் கழுவ வெளியே வராது. இடைவெளியே இல்லாமல் தொடர்ச்சியாகப் பற்றவையுங்கள், அல்லது முலாமும் அமிலமும் முடிந்தபின் பற்றவையுங்கள். குளோரைடு தொட்டியில் மட்டும் இருப்பதில்லை. மார்க்கர் பேனா, ஒட்டுநாடாவின் பசை, வெறுங்கையின் வியர்வை, கடற்கரையை ஒட்டிய கிடங்கின் காற்று ஆகிய எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அறை வெப்பநிலையில் இது வராது என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தகைவு ஈல்டு அளவுக்கு நிற்கும் இடத்தில் அந்த நம்பிக்கையை வைத்துத் துண்டைக் கிடங்கில் போட்டுவிடாதீர்கள்.

தகைவைச் சூட்டால் தளர்த்தலாமே என்றால், 316எல் போன்ற ஆஸ்டெனைட் எஃகில் 400 டிகிரியில் பெரிதாக ஒன்றும் தளராது. முழுதும் தளர 1000 டிகிரிக்கு மேல் வேண்டும், அதில் மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

பிரேஸ் செய்த டங்ஸ்டன் ஓடு, ஒட்டிய இடத்துக்குச் சற்று மேலே படுக்கையாகப் பிளக்கிறது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிரேஸ் செய்வது என்றால், உருகுநிலை குறைந்த ஃபில்லரை நடுவில் உருக்கி இரண்டு உலோகங்களை ஒட்டுவது. பிளாஸ்மாவைப் பார்த்திருக்கும் முகம் டங்ஸ்டன், பின்னால் வெப்பத்தை எடுத்துப்போவது தாமிரக் கலவை அல்லது எஃகு. டங்ஸ்டன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் நாலரைப் பங்கு விரிகிறது. 9 குரோமியம் எஃகு சுமார் 12, தாமிரம் சுமார் 17. 1000 டிகிரியில் டங்ஸ்டனையும் எஃகையும் பிரேஸ் செய்து அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு டங்ஸ்டன் அரை மில்லிமீட்டர்கூடச் சுருங்காது, எஃகு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். அந்த முக்கால் மில்லிமீட்டரை யாராவது விழுங்க வேண்டும். டங்ஸ்டன் விழுங்காது. 200, 300 டிகிரிக்குக் கீழே அது கண்ணாடிபோல நொறுங்கும் ஜாதி.

பலரையும் குழப்பும் இடம் இனிதான் வருகிறது. ஒட்டிய முகத்தின் நடுவில் டங்ஸ்டன் அமுக்கத்தில்தான் இருக்கிறது, எஃகு அதை உள்நோக்கி இறுக்குகிறது. அமுக்கத்தில் இருப்பது ஏன் பிளக்க வேண்டும்? விளிம்பில் கதை தலைகீழ். பக்கவாட்டில் பிடிக்க ஆளில்லாத ஓரத்தில், ஒட்டுக்குச் செங்குத்தாக, டங்ஸ்டனை மேல்நோக்கி உரிப்பதுபோல ஓர் இழுவிசை குவிகிறது. மூலையில் அது உச்சம். விரிசல் அங்கே, ஒட்டுக்கு ஒரு நூல் மேலே டங்ஸ்டனுக்குள் தொடங்கி, ஒட்டுக்கு இணையாக உள்ளே ஓடும். உடைந்த பிறகு பார்த்தால் எஃகின் மேல் மெல்லிய டங்ஸ்டன் தகடு ஒட்டியபடியே இருக்கும். அப்படி இருந்தால் பிரேஸிங்கைத் திட்டாதீர்கள், ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. மாறாக, உடைந்த முகத்தில் ஃபில்லரின் பளபளப்பு மட்டும் தெரிந்து டங்ஸ்டன் வழவழவென்று இருந்தால் ஒட்டவே இல்லை. அது சுத்தம், வெற்றிடம், ஈரமாகப் பரவுதல் பற்றிய பிரச்சினை. தகைவைக் குறைக்க எவ்வளவு முயன்றாலும் தீராது.

மூலையில் தொடங்கியது என்று உறுதியானால் என் வரிசை இது. முதலில் ஓட்டைச் சிறிதாக்குங்கள். வித்தியாசம் நீளத்தோடு சேர்ந்து வளர்கிறது. ஈட்டரின் டைவர்ட்டரில் (கலத்தின் அடியில் வெப்பத்தையும் கழிவையும் வாங்கும் பகுதியில்) டங்ஸ்டன் 28 மில்லிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சிறு கட்டிகளாக, மணி கோத்ததுபோலத் தாமிரக் குழாயில் கோக்கப்பட்டிருப்பதற்கு இது ஒரு காரணம். அடுத்தது நடுவில் மென்மையான அடுக்கு. அதே டைவர்ட்டரில் டங்ஸ்டனுக்கும் குரோமியம் சிர்கோனியம் கலந்த தாமிரக் குழாய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் சுத்தத் தாமிரம் இருக்கிறது. அது சீக்கிரமே ஈல்டாகி வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். மிக மெல்லியதாக வைத்தால் விழுங்க இடமில்லை. தடிமனாக வைத்தால் ஒவ்வொரு சூட்டுச் சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கும். எஃகோடு சேர்க்கும்போது வனேடியமோ டாண்டலமோ நடுவில் வைக்கலாம், அவற்றின் விரிவு இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றாவதாக, ஆறும் வேகம். தாமிர அடுக்கு இருந்தால் 500 டிகிரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் தாமிரம் தவழ்ந்து தளரும், டங்ஸ்டனும் இன்னும் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்காது. ஆனால் அதே துண்டில் குரோமியம் சிர்கோனியம் தாமிரம் இருந்தால் இந்த அறிவுரை ஆபத்தானது. காரணம் கீழே வருகிறது.

ஃபில்லர் தேர்வில் வழக்கமான பிரேஸிங் அறிவு உதவாது. ஊரெல்லாம் புழங்கும் வெள்ளிக் கலவையை நியூட்ரான் விழும் இடத்தில் வைத்தால் அதில் உருவாகும் ஒரு வெள்ளி ஐசோடோப்புக்கு 400 ஆண்டுக்கு மேல் அரைவாழ்வு. நிக்கல் அடிப்படையிலான ஃபில்லரில் உருகுநிலையைக் குறைக்கப் போடும் போரான், ஒட்டின் நடுவில் நொறுங்கும் போரைடுக் கோடாக நிற்கும். தகைவைத் தாங்க வேண்டிய இடத்திலேயே பலவீனம். போதாததற்கு நியூட்ரான் பட்டால் போரான் ஹீலியமும் தரும். இவ்வகை ஃபில்லர்தான் கையில் இருக்கிறது என்றால், பிரேஸிங் வெப்பத்தில் நேரம் கூட்டி வைத்துப் போரானைப் பரவவிடுங்கள்.

ஓட்டின் நடுவில், மேலிருந்து கீழாகச் செங்குத்து விரிசல்

இது பிரேஸிங்கின் தகைவு என்று சொல்லி விசாரணையைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு 20 மெகாவாட் அளவு வெப்பம் சில நூறு முறை விழுந்தால், மேல்முகம் சூட்டில் அமுங்கி நிரந்தரமாகக் குறுகி, ஆறும்போது இழுபட்டு நடுவில் பிளக்கும். 10 மெகாவாட்டில் ஆயிரக்கணக்கான சுற்றுக்கும் பிளக்காத கட்டி 20-இல் பிளப்பதைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அது குழாயை எட்டாதவரை வெப்பம் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். கவலைப்பட வேண்டியது படுக்கை விரிசலுக்குத்தான்.

விரிசல் தெரியவில்லை, ஆனால் ஓர் ஓடு மட்டும் அதிகம் சூடாகிறது

குழாயில் வெந்நீர் ஓடவிட்டு, சட்டென்று குளிர்நீருக்கு மாற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். கடராஷில் டோர் சூப்ரா உலையின் ஓடுகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். ஒட்டு சரியில்லாத ஓடு பின்தங்கி ஆறும். இந்தச் சோதனையைப் பிரேஸிங் முடிந்ததும் ஒருமுறை, சூட்டுச் சுற்றுகளுக்குப் பின் ஒருமுறை செய்யுங்கள். முதல் முறையே பின்தங்கினால் ஒட்டாத இடம். இரண்டாம் முறை மட்டும் பின்தங்கினால் தகைவு விரிசலைத் திறந்துவிட்டது. ஒரே ஒருமுறை மட்டும் சோதித்தவரால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

தாமிரக் குழாய் மென்மையாகிவிட்டது

குரோமியம் சிர்கோனியம் தாமிரம் பதத்தால் வலிமை பெறுவது. ஏறத்தாழ 980 டிகிரியில் கரைத்து, வேகமாகக் குளிர்வித்து, 475 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால்தான் முழு வலிமை. பிரேஸிங் ஃபர்னஸில் மெதுவாக ஆறினால் அந்தப் பதம் கெட்டுவிடும், குழாய் வெறும் தாமிரம்போல இளகும். தகைவு குறைய மெதுவாக ஆற வேண்டும், குழாய் வலுக்க வேகமாக ஆற வேண்டும். இந்த இழுபறியில் நான் எப்போதும் குழாயின் பக்கம்தான். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதானே. 500 டிகிரி நிறுத்தத்தை விட்டுவிட்டு, வாயுவை ஊதி வேகமாக ஆற்றி, ஓட்டைச் சிறிதாக்கித் தகைவைச் சமாளிப்பதே மேல்.

மூன்று கருவிகள், மூன்று எண்கள்

தகைவை அளக்கப் போனால் எக்ஸ் கதிர் அமுக்கம் என்கிறது, துளை முறை (சிறு துளை போட்டு உலோகம் தளர்வதை அளப்பது) இழுவிசை என்கிறது, நியூட்ரான் ஈல்டுக்கும் மேலே ஓர் எண்ணைத் தருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

எக்ஸ் கதிர் எஃகில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். அரைத்த, மெஷின் செய்த தோலைத்தான் அது படிக்கிறது. தோலை மின்வேதி முறையில் கரைத்து இறக்கி மறுபடி அளங்கள். துளை முறை ஒரு மில்லிமீட்டர் வரை போகும், ஆனால் தகைவு ஈல்டின் 80 சதவீதத்தைத் தாண்டினால் துளையைச் சுற்றி உலோகம் நிரந்தரமாக நகர்ந்து, எண் கூடிக் காட்டும். பற்றவைப்பில் அந்த வரம்பு தாண்டுவது சகஜம்.

நியூட்ரான் விஷயம்தான் அதிகப் பேரை ஏமாற்றுகிறது. அணு அடுக்குகளின் இடைவெளியை அளந்து, தகைவில்லாத அதே உலோகத்தின் இடைவெளியோடு ஒப்பிடுகிறார்கள். தகைவில்லாத அந்த ஒப்பீட்டு எண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே எஃகில் மூன்று திசைத் தகைவும் சேர்ந்து ஏறத்தாழ 50 மெகா பாஸ்கல் நகர்ந்துவிடும். 9 குரோமியம் எஃகில் பீடுக்கும் பாதிப்புப் பகுதிக்கும் அடித்தகட்டுக்கும் கரைந்துள்ள கார்பன் வேறு வேறு, ஆகவே இடைவெளியும் வேறு வேறு. அடித்தகட்டின் எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டால் பீடில் இல்லாத தகைவு இருப்பதுபோல் வரும். ஒரே சமயத்தில் செய்த இரட்டைத் துண்டை வயர்-கட்டில் (மின்பொறியால் அறுக்கும் கம்பியில்) சீப்பு மாதிரி அறுத்துத் தகைவை விடுவித்து, ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் எண்ணை எடுங்கள். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வெட்டுமுகம் முழுவதும் இழுவிசையையும் அமுக்கத்தையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். எல்லாமே இழுவிசையாக இருந்தால் ஒப்பீட்டு எண் தப்பு. நியூட்ரான் நேரத்துக்கு இங்கிலாந்தின் ஹார்வெல்லிலோ பிரான்சின் கிரனோபிளிலோ உள்ள ஆய்வு மையத்தில் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, ஒப்பீட்டுத் துண்டு இல்லாமல் போய் இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

ஐயம் தீரவில்லை என்றால் துண்டைத் தியாகம் செய்து கான்டூர் முறைக்குப் போங்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மைக் பிரைம் 2000-ஐ ஒட்டி உருவாக்கிய முறை அது. வயர்-கட்டில் நேராக வெட்டி, வெட்டுமுகம் எவ்வளவு புடைத்தது, குழிந்தது என்று அளந்து, அதைத் திருப்பித் தட்டையாக்க எவ்வளவு தகைவு வேண்டும் என்று கணக்கிடுவார்கள். ஒப்பீட்டு எண்ணே வேண்டாம். லேசர் பற்றவைப்புபோல மிகக் குறுகிய இணைப்புகளில், அயனிக் கற்றையால் சில மைக்ரான் அகலத் தூண் செதுக்கி அது தளர்வதைப் படமெடுத்து அளக்கலாம். அதில் ஒரு படிகத் துகளுக்கும் பக்கத்துத் துகளுக்கும் நூற்றுக்கணக்கான மெகா பாஸ்கல் மாறும். ஒரு புள்ளியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கதிர்பட்ட குழாயை மறுபடி பற்றவைத்ததும் ஓரமெங்கும் நுண்விரிசல்

உலை ஓடிய பிறகு வரும் அறிகுறி. நியூட்ரான் பட்ட எஃகில், நிக்கல் அதிகமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னும் கூடுதலாக, ஹீலியம் பிறந்து உள்ளே தங்கியிருக்கும். பற்றவைக்கும் சூட்டில் அது துகள் எல்லைகளில் குமிழாகச் சேரும். ஆறும்போது வரும் இழுவிசை அந்தக் குமிழ்களை ஒன்றோடொன்று கிழித்து இணைக்கும். விரிசல் பீடில் இருக்காது, பக்கத்தில் வெப்பம் பட்ட பழைய உலோகத்தில், துகள் எல்லை வழியே இருக்கும். புதுக் குழாயில் அதே வெல்டர் அதே அமைப்பில் போட்ட பற்றவைப்பு நன்றாக இருந்தால் ஐயம் உறுதி. முன்சூடு, ஃபில்லர் மாற்றம் எதுவும் இதற்கு உதவாது.

தடித்த, பல பாஸ் இணைப்புக்கு அணு எண்ணிக்கையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஹீலியம்தான் ஈட்டர் வைத்துக்கொண்ட வரம்பு. மெல்லிய குழாய்க்கு மூன்று பங்கு வரை. வெப்பம் குறைந்த லேசர் கொஞ்சம் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே இதன் பழுதுநீக்கம் வரைபட மேசையில்தான் நடக்க வேண்டும். மறுபடி வெட்டி ஒட்டவேண்டிய கோடு கவசத்துக்குப் பின்னால், நியூட்ரான் குறைவாக விழும் இடத்தில் இருக்கட்டும். அந்த இடத்தில் குழாயின் நேர்ப்பகுதியை இரண்டு மூன்று முறை வெட்டி ஒட்டும் அளவுக்கு நீளமாக விட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய பாதிப்புப் பகுதியை முழுக்க வெட்டி எறிந்துவிட்டுத்தான் ரோபோ கை புதுப் பற்றவைப்பைப் போட வேண்டும்.